மாட்டுக் கோல்

கால்நடை மருத்துவக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் வருஷத்துக்கு ஒரு நாள்தான் பேசிக்கொள்ளும். அன்றைக்குக் காலையிலிருந்து பேசுவார்கள். பேசி முடித்துப் பொழுது மிச்சமிருந்தால் கால்பந்து ஆடுவார்கள். முப்பத்தோரு வருஷமாக இதுதான் நடைமுறை. இதில் யாருக்கும் எந்த விசித்திரமும் தெரிந்ததில்லை.

அதற்கு முன்னால் இரண்டு கல்லூரிக்கும் நடுவில் இருந்தது ஒரு மதில் சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் யார் வம்புக்கும் போகவில்லை. ஒரு வருஷம் இரண்டு விடுதியிலும் ஒரே சமயத்தில் சின்னம்மை பரவியது. வீட்டுக்கும் அனுப்ப முடியாது, வகுப்பும் நடத்த முடியாது. காய்ச்சல் வராத பிள்ளைகள் சும்மா இருந்தால் சுவரேறிக் குதிப்பார்கள் என்று பயந்து, இரண்டு முதல்வர்களும் சேர்ந்து ஒரு கால்பந்து ஆட்டம் வைத்தார்கள். வாசலில் ‘நட்பு ஆட்டம்’ என்று ஒரு தட்டி வைத்தார்கள். அந்தத் தட்டி இப்போது சட்டக் கல்லூரி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. முதலாம் தடயப் பொருள் என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்.

அம்மைக்குப் பயந்து எந்த ரெஃப்ரியும் வர மறுத்தபோது, நான் வருகிறேன் என்று சொன்னவர் கண்ணாடிக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. கடை திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன வயதிலேயே அம்மை வந்து போனவர், ரெஃப்ரி பரீட்சையும் எழுதித் தேறியிருந்தார். கடையில் ஈயோட்டிக்கொண்டிருந்த காலம், நாலு பேருக்கு முகம் தெரியட்டுமே என்று விசிலை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியிலும் ஒன்றும் நடக்கவில்லை. முடிய ஐந்து நிமிஷம் இருந்தபோது கால்நடைக் கல்லூரியில் ஒருவனுக்குக் கெண்டைக்கால் சுளுக்கிக்கொண்டது. மாற்றாள் இறக்க ஆளில்லை, இருந்தவனுக்கெல்லாம் உடம்பு முழுக்கக் கொப்புளம். அவன் நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான். அதே நேரம் மதில் சுவரில் இருந்த உடைப்பு வழியாகக் கல்லூரிப் பண்ணையின் பழுப்பு மாடு ஒன்று மைதானத்துக்குள் வந்தது. அவசரமே இல்லாமல் நடந்து வந்து, சட்டக் கல்லூரியின் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டது. கால்நடைக் கல்லூரி ஆட்டக்காரன் அடித்த பந்து மாட்டின் வயிற்றில் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் உருண்டது. விசில் சத்தமும் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதை அடிப்படையாக வைத்து இதுவரை நான்கு பேர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாளே சட்டக் கல்லூரி மேல்முறையீடு செய்தது. விசாரிக்கப் பொது ஆளாகப் பல் மருத்துவக் கல்லூரி முதல்வரை அழைத்தார்கள். அவர்களுக்குக் கால்பந்து அணியே கிடையாது, பல்லைத் தவிர எதிலும் அக்கறையும் கிடையாது. மாடு வெளியாள், வெளியாள் மேல் பட்ட பந்து செல்லாது என்று சட்டக் கல்லூரி வாதாடியது. மாடு வெளியாள் இல்லை, அதன் காதில் எண் போட்ட பட்டை இருக்கிறது, கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று கால்நடைக் கல்லூரி சொன்னது. அப்படியென்றால் நீங்கள் பன்னிரண்டு பேரோடு ஆடினீர்கள் என்றார்கள் இவர்கள். இல்லையே, எங்கள் ஆள் ஒருவன் வெளியே போய்விட்டான், மாட்டோடு சேர்த்தால் கணக்காகப் பதினொன்று என்றார்கள் அவர்கள். பல் மருத்துவ முதல்வர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பதினொன்று சரிதான் என்றார். கோல் நின்றது.

சட்டக் கல்லூரிக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு வருஷமும் மேல்முறையீடு. ஒவ்வொரு வருஷமும் ஆட்டத்துக்கு முன்னால், மைதானத்திலேயே மேசை நாற்காலி போட்டு விசாரணை. தோற்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கோல் அடுத்த ஆட்டத்துக்கும் செல்லும் என்று தீர்ப்பானதால், கால்நடைக் கல்லூரி முப்பது வருஷமாக ஆட்டத்தை ஒன்றுக்குப் பூஜ்யம் என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த ஒரு கோல் வித்தியாசத்தில் சட்டக் கல்லூரி பதினான்கு தடவை தோற்றிருக்கிறது. ஆட்டத்துக்கு முந்தின வாரம் சட்டக் கல்லூரி விடுதியில் யாரும் பால் குடிப்பதில்லை. ஒரு வருஷம் அவர்களுடைய நூலகத்தில் காலையில் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு கன்றுக்குட்டி நின்றது. அதன் கழுத்தில் முறையான நூலக அட்டை தொங்கியது. அட்டை செல்லும் என்பதால் அதை வெளியேற்ற முடியாமல் மத்தியானம் வரை சட்டப் புத்தகம் புரட்டினார்கள்.

இத்தனைக்கும் ஒரே சாட்சி கண்ணாடிக்காரர்தான். விசாரணையன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சாட்சி நாற்காலியில் உட்காருவார். பக்கத்தில் மாட்டைக் கட்டியிருப்பார்கள். பழைய மாட்டின் ஐந்தாவது தலைமுறை அது. இது அந்த மாடு இல்லை என்று சட்டக் கல்லூரி ஆட்சேபிக்கும், ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு கேள்வி ஆரம்பிக்கும். மாடு எவ்வளவு நீளம்? வெயில் எந்தப் பக்கம்? மாடு வாலை ஆட்டியதா? பந்து கோட்டைத் தாண்டியிருந்ததா? “நான் பார்க்கும்போது தாண்டியிருந்தது” என்பார் கண்ணாடிக்காரர். விசில் ஊதியது நீங்கள்தானே? “நான்தான்” என்பார். ஒரு சொல் கூட மாறாது. அசைக்க முடியாத சாட்சி என்பதற்கு அவரைத்தான் முதல் வருஷ வகுப்பில் உதாரணம் சொல்லித்தருகிறார்கள்.

ஏழாவது வருஷம் ஒரு மாணவன் அவரை இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்டான். இருட்டிப்போய், ஆட்டத்தை நிலா வெளிச்சத்தில் ஆடி, மூன்று பேர் பந்து என்று நினைத்துச் சுவரை உதைத்தார்கள். அதிலிருந்துதான் மூன்றே கேள்வி என்று விதி போட்டார்கள். அந்த மாணவனுக்கு வாய்தா என்று பெயர் வந்தது. அவர் இப்போது அதே கல்லூரியில் சாட்சியச் சட்டம் நடத்துகிறார். தலை நரைத்தும் பெயர் மாறவில்லை.

கண்ணாடிக்காரர் பொய் சொன்னதே இல்லை, இதை முதலில் சொல்லிவிடவேண்டும். அவருடைய தொழில் அப்படி. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அதுவா?” என்று கேட்பார். சிலர் இதற்கு, போன மாதம் பேருந்து எண் தெரியாமல் தப்பான ஊருக்குப் போன கதையைச் சொல்வார்கள். “கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க” என்பார். நாள் பூராவும் கேட்டதற்கு மட்டும் பதில் வாங்கி வாங்கி, அவரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதராகிப்போனார். சாப்டாச்சா என்றால் ஆச்சு என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று தனியாகக் கேட்கவேண்டும்.

அவர் மனைவிக்கு அந்தக் கலை வசப்பட்டிருந்தது. ஒரு பதில் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பாள், அடி ஆழம் வரை போய்த்தான் விடுவாள். கல்யாணமான முதல் மாதமே, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே அந்தப் பேர்போன கோலைப் பற்றி விசாரித்தாள். மூன்று நான்கு கேள்வி கேட்டுவிட்டு, சட்டம் படித்த எவனுக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டாள். விசில் எதற்கு ஊதினீர்கள் என்றாள். மாட்டுக்கு என்றார் அவர்.

அதுதான் உண்மை. மாடு உள்ளே வந்ததைப் பார்த்து, ஆட்டத்தை நிறுத்தவே விசிலை ஊதினார். ஊதின பிறகுதான் பந்து அதன் வயிற்றில் பட்டு உள்ளே போனது. நிறுத்தின ஆட்டத்தில் கோல் ஏது? ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் கால்நடைக் கல்லூரிப் பையன்கள் ஓடி வந்து அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவரை அதற்கு முன்னால் யாரும் எதற்கும் தூக்கியதில்லை. இறக்கிவிட்டபோது பலகையில் எண் எழுதியாகிவிட்டது. மறுநாள் விசாரணையில் யாராவது கேட்பார்கள், சொல்லிவிடலாம் என்று இருந்தார். மாட்டைப் பற்றியே கேட்டார்கள். அடுத்த வருஷம் கேட்பார்கள் என்று இருந்தார். இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. மனைவி மட்டும் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாகும் வரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவள் செத்துப்போய் நான்கு வருஷம் ஆகிறது. அப்போது மகள் வெளியூரில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அம்மா எப்படி இருக்காங்க என்பாள். டாக்டர் வந்து பார்த்துட்டுப் போனார் என்பார் இவர். டாக்டர் வந்தது நிஜம். அம்மா சாப்பிட்டாங்களா? ரெண்டு வாய் குடிச்சா. அதுவும் நிஜம். செவ்வாய்க்கிழமை, அம்மா தூங்கறாங்களா என்று கேட்டாள். ஆமாம், தூங்கறா என்றார். மனைவிக்கு அன்று காலையிலிருந்து நினைவு இல்லை. புதன்கிழமை மத்தியானம் மகள் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவியின் உயிர் போனது. அன்று சாயங்காலம் போன் செய்யாமல் நேரே பஸ் ஏறிய மகள், வியாழக்கிழமை காலையில் பெட்டியோடு வந்து இறங்கினாள். வாசலில் செருப்புகள் கிடந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் சண்டை போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள், கல்லூரி விடுதியிலேயே தங்கிக்கொண்டாள். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் பத்து நிமிஷ நடை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், துணி துவைத்துக்கொள்வாள், எப்படி இருக்கீங்க என்பாள், நல்லா இருக்கேன் என்பார், போய்விடுவாள். அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து அவளுடைய அறையில் படுத்துத் தூங்கவேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை அவள் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவும் இல்லை.

இந்த வருஷம் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், கிழமை தப்பிய ஒரு செவ்வாய்க்கிழமையில் அவள் கடைக்கு வந்தாள். கண் சோதிக்கவேண்டும் என்றாள். உட்காரவைத்துச் சோதனைச் சட்டத்தை மாட்டினார். அவள் மூக்கும் அம்மாவின் மூக்கு மாதிரி, சட்டம் நிற்காமல் வழுக்கியது. அதைப் பிடித்துக்கொண்டே வில்லை மாற்றினார். இது தெளிவா, அதுவா என்று கேட்டுக்கொண்டே போனார். அவளும் இது, அது என்று கேட்டதற்கு மட்டும் சொன்னாள். பவர் கொஞ்சம் ஏறியிருந்தது. சட்டத்தைக் கழற்றும்போது விஷயத்தைச் சொன்னாள்.

“இந்த வருஷம் விசாரணையில உங்களைக் கேள்வி கேக்கப் போறது நான்தாம்பா.”

சாட்சியின் சொந்தக்காரர் கேட்கலாமா என்று அவருக்குச் சந்தேகம். சாட்சியின் சொந்தக்காரர் நீதிபதியாக இருக்கக்கூடாது என்றுதான் விதி சொல்கிறது, கேள்வி கேட்கிறவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றாள். வாய்தா சார் விதிப் புத்தகத்தை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டாராம்.

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்ககிட்ட இருக்கிற கஷ்டமே அதுதான்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “உங்களை என்ன கேக்கறதுன்னு தெரியாமத்தான் எல்லாரும் தோத்திருக்காங்க. நான் நாலு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்.”

எதைப் பற்றி நான்கு வருஷமாக யோசிக்கிறாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மாட்டைப் பற்றி இல்லை. அவள் போன பிறகு வந்த வாடிக்கையாளருக்கு இடது கண் வில்லையை வலது கண்ணுக்குப் போட்டுவிட்டு, தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். இவருக்கு அது காதில் ஏறவில்லை.

அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் விசிலைப் பற்றிக் கேட்டால் முப்பத்தோரு வருஷப் பேர் ஒரே நாளில் போகும். கோலைப் பார்த்த கண்ணு என்று தேடி வருகிற கால்நடைக் கல்லூரிப் பிள்ளைகள் கடைப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அது போனால் போகட்டும் என்று இரண்டே நாளில் மனசைத் தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொள்ள முடியாதது வேறொன்று. அம்மா விஷயத்தில் அப்பா ஏதோ பதற்றத்தில், வாய் வராமல் அப்படி நடந்துகொண்டார் என்று மகள் ஒரு மூலையிலாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். விசில் வெளியே வந்துவிட்டால் அந்த மூலையும் போய்விடும். அவள் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலிருந்தே இந்த மனுஷன் இப்படித்தான் என்று தெரிந்துவிடும். பிறகு துணி துவைக்கக்கூட வரமாட்டாள்.

உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பிவிடலாமா என்று யோசித்தார். உடம்பு நன்றாக இருந்தது, அதனால் எழுத முடியவில்லை.

விசாரணையன்று நல்ல வெயில். இரண்டு அணியும் சட்டை மாட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தன. இப்போதைய பல் மருத்துவ முதல்வர், குட்டையான அம்மாள், நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மாட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். இது அந்த மாடு இல்லை என்று மகள் எழுந்து ஆட்சேபித்தாள். குறித்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த வாய்தா சார் முப்பத்தோராவது தோல்விக்குத் தயாராகக் கைக்குட்டையை விரித்து மடியில் போட்டுக்கொண்டார்.

மகள் தாள் எதுவும் கொண்டுவரவில்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எல்லாச் சாட்சியையும் கூப்பிடுகிற மாதிரி அவரையும் ஐயா என்று கூப்பிட்டாள்.

“ஐயா, அன்னிக்கு எதுக்காக விசில் ஊதுனீங்க?”

கண்ணாடிக்காரருக்கே நம்ப முடியாதபடி நெஞ்சு லேசானது. கேட்டாகிவிட்டது. இனி காத்திருக்கவேண்டியதில்லை.

“மாட்டுக்கு” என்றார்.

மாட்டுக்கு என்றால் என்ன அர்த்தம் என்று முதல்வர் அம்மாள் விளக்கம் கேட்டார். மாடு உள்ளே வந்தது, ஆட்டத்தை நிறுத்த ஊதினேன், ஊதின பிறகுதான் பந்து உள்ளே போனது என்று கண்ணாடிக்காரர் சொன்னார். இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்று இவர் சொன்னார்.

சட்டக் கல்லூரிக்காரர்களுக்கு ஜெயித்துப் பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கால்நடைக் கல்லூரி கேப்டன் மாட்டைப் பார்த்தான். மாடு வேறு பக்கம் பார்த்தது. இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்ட வாய்தா சார் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

கோல் ரத்து, ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று ஆரம்பிக்கும் என்று முதல்வர் அம்மாள் தீர்ப்பெழுதினார். வழக்கு முடிந்தது, சாட்சி போகலாம் என்றார். கண்ணாடிக்காரர் எழுந்தார்.

“மூணு கேள்வின்னுதான் விதி” என்றாள் மகள். “ஜெயிக்கிற வரைக்கும்னு இல்லை. எனக்கு இன்னும் ரெண்டு இருக்கு.”

விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. கண்ணாடிக்காரர் மறுபடி உட்கார்ந்தார்.

“என் பரீட்சை சமயத்துல தினமும் உங்களுக்கு போன் பண்ணேன். அம்மாவைப் பத்தி நான் என்ன கேட்டிருக்கணும்?”

இப்போது அவள் ஐயா என்று சொல்லவில்லை. கால்நடைக் கல்லூரி சார்பில் ஒருவன் எழுந்து, ஆட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆட்சேபித்தான். வாய்தா சார் கைக்குட்டையை இறக்கிவிட்டு எழுந்தார். சாட்சியின் பழக்கத்தைப் பற்றிய கேள்வி, அனுமதிக்கலாம் என்றார். முதல்வர் அம்மாள் கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அனுமதித்தார்.

இதற்குச் சுருக்கமான, சரியான பதில் ஒன்று இருந்தது. அம்மாவுக்கு நினைவு இருக்கிறதா என்று அவள் கேட்டிருக்கவேண்டும். அது அவர் நாக்கு நுனி வரை வந்தது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

“நீ ஒண்ணும் கேட்டிருக்க வேண்டாம்மா” என்றார். “பதினேழு வயசுப் பொண்ணு, பரீட்சைக்கு நடுவுல உனக்கு என்ன கேக்கத் தெரியும்? நான் சொல்லியிருக்கணும். அம்மா பிழைக்க மாட்டா, எல்லாத்தையும் போட்டுட்டு வான்னு நான்தான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டேன். நீ கேக்கலைன்னு மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். விசிலுக்கும் அதான் பண்ணேன், உங்க அம்மா சாவுக்கும் அதான் பண்ணேன்.”

வெயில் மகள் முகத்தில் நேராக விழுந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று முதல்வர் அம்மாள் மெதுவாகச் சொன்னார். வேண்டும் என்று மகள் தலையசைத்தாள்.

“அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா?”

“கேட்டா” என்றார்.

எப்போதும்போல என்றால் அவர் பதில் அதோடு முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

“திங்கக்கிழமை நல்ல நினைவோட இருந்தா. ஜன்னலைத் திறக்கச் சொன்னா. பாப்பா என்ன பண்றான்னு கேட்டா, பரீட்சை எழுதறான்னு சொன்னேன். நல்லா எழுதறாளான்னா, நல்லா எழுதறான்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு இருந்தா. அப்புறம் என் கையைப் பிடிச்சிக்கிட்டு, பாப்பா வருவாளான்னு கேட்டா. என்னைக் குடைஞ்சு குடைஞ்சு கேக்கறவ, அன்னிக்கு எப்ப வருவான்னு கேக்கலை. கேக்கத் தெம்பில்லை அவளுக்கு. நானும் வருவான்னு மட்டும் சொன்னேன். நீயும் வந்தே, வியாழக்கிழமை வந்தே.” மகளை நோக்கி முன்னால் குனிந்தார். “அவகிட்டயும் நான் பொய் சொல்லலைம்மா.”

மகள் மேசையைச் சுற்றி வந்து அவர் காலடியில் புல்லில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சத்தம் போட்டு அழுதாள். நான்கு வருஷத்தில் அவர் முன்னால் அவள் அழுவது அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமையைச் சொன்னார், பிறகு புதன்கிழமையைச் சொன்னார். அவள் எதையும் கேட்கவில்லை. முதல்வர் அம்மாள் பேனாவை மூடி வைத்தார். இரண்டு அணியும் புல்லில் உட்கார்ந்தே இருந்தன, ஆட்டத்தை ஆரம்பிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.